ஒரே பேரரசர், இரண்டு சீரியல்: யான்சியா, ரூயியா?

கொரிய சீரியல்களில் ஒரு சுற்று வந்து முடித்தவர்கள் சீனப் பக்கம் திரும்பும்போது கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "யான்சி பார்க்கட்டுமா, ரூயி பார்க்கட்டுமா?" போன வாரம் என் அக்காவும் கேட்டாள். "ரெண்டும் ஒரே ராஜா, ஒரே ராணி, ஒரே அரண்மனைங்கறாங்க. அப்புறம் எதுக்குடி ரெண்டு?" நியாயமான கேள்விதான்.

'ஸ்டோரி ஆஃப் யான்சி பேலஸ்' 2018 ஜூலையில் ஐச்சியி தளத்தில் வந்தது. அது முடிவதற்குள்ளேயே, ஆகஸ்டில், 'ரூயிஸ் ராயல் லவ் இன் த பேலஸ்' டென்சென்ட் தளத்தில் தொடங்கிவிட்டது. இரண்டும் சிங் வம்சத்துப் பேரரசர் சியான்லோங்கின் அந்தப்புரக் கதை. 1735-இல் அரியணை ஏறி, தாத்தா காங்சியைவிட அதிக காலம் ஆளக் கூடாது என்று 1796-இல் தாமாகவே இறங்கி, 1799-இல் இறந்தவர் அவர். இரண்டு சீரியலிலும் வருபவர்கள் ஏறக்குறைய அதே பெண்கள். ஆனால் யான்சியின் கதாநாயகி ரூயியில் வில்லி, ரூயியின் கதாநாயகி யான்சியில் வில்லி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யான்சி பார்ப்பதென்றால், நிஜ வரலாற்றைக் கடைசி எபிசோடு முடிந்த பிறகு படியுங்கள். ரூயி பார்ப்பதென்றால், வரலாற்றைப் படித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

மூன்று பெண்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஃபூச்சா, சியான்லோங் இளவரசராக இருந்தபோதே, 1727-இல், அவரை மணந்த முதல் பேரரசி. நாரா, ஃபூச்சாவின் மறைவுக்குப் பிறகு 1750-இல் பேரரசியானவர். வெய், 1745-இல் அந்தப்புரப் பதவி பெற்று, பின்னாளில் அடுத்த பேரரசருக்குத் தாயானவர். சீரியலில் வரும் பாத்திரத்தை 'அவள்' என்றும் வாழ்ந்த மனுஷியை 'அவர்' என்றும் எழுதுகிறேன். தமிழில் நமக்கு இந்த வசதி இருக்கிறது, பயன்படுத்திக்கொள்வோம்.

## எதை வைத்து முடிவு செய்வது?

"எது நல்ல சீரியல்?" என்று கேட்டால் சண்டைதான் மிஞ்சும். நான் பார்ப்பது நான்கு விஷயம். உங்களிடம் எவ்வளவு நேரம் இருக்கிறது? அநியாயம் நடந்தால் உடனே தட்டிக் கேட்கும் கதை வேண்டுமா, மெல்ல மெல்ல நெஞ்சை அறுக்கும் கதை வேண்டுமா? வரலாற்றோடு எவ்வளவு ஒட்டியிருக்க வேண்டும்? நாலாவதை யாரும் கேட்பதில்லை, ஆனால் அதுதான் முக்கியம்: கதையின் முடிவு முன்கூட்டியே தெரிந்தால் உங்களுக்குச் சுவை குறையுமா, கூடுமா?

| | யான்சி | ரூயி |
|---|---|---|
| எபிசோடுகள் | 70 | 87 |
| மொத்த நேரம் (எபிசோடுக்கு 45 நிமிடம் என்று வைத்தால்) | சுமார் 52 மணி | சுமார் 65 மணி |
| கதாநாயகி | வெய் யிங்லுவோ | நாரா வம்சத்து ரூயி |
| ஃபூச்சா பேரரசி | கருணையே உருவானவள் | நல்லவள்போல் தெரியும், கணக்குப் போடும் மனைவி |
| வேகம் | விறுவிறு | நிதானம், சில இடங்களில் நத்தை |
| தூக்கத்துக்கு ஆபத்து | "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று இரவு இரண்டு மணி | முடித்த பிறகு ஒரு வாரம் மனசு சரியிருக்காது |
| வரலாறு படிக்க வேண்டியது | பார்த்த பின் | பார்க்கும் முன் |

## யான்சி: பாக்கி வைக்காத கதாநாயகி

அரண்மனையின் பூவேலைத் தையற்கூடத்தில் வேலைக்குச் சேர்கிறாள் வெய் யிங்லுவோ. வந்த நோக்கம் தையல் இல்லை, அக்காவைக் கொன்றது யார் என்று கண்டுபிடிப்பது. யாராவது அவளை ஓர் அறை அறைந்தால் இரண்டு எபிசோடுக்குள் வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடுவாள். அலுவலகத்தில் மேலதிகாரியிடம் வாய் திறக்க முடியாமல் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இது அருமருந்து. சீனாவில் அந்தக் கோடையில் இது ஓடிய ஓட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

வரலாற்றுத் துல்லியம் இந்தச் சீரியலில் கதையில் இல்லை, துணியிலும் தலையிலும் இருக்கிறது. ஃபூச்சா பேரரசி முத்தோ மணியோ இல்லாமல், கொண்டையில் வெறும் பட்டுநூல் பூக்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முதல் தடவை பார்த்தபோது, பேரரசிக்கே நகை போட பட்ஜெட் இல்லையா என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது. சிங் வம்ச வரலாற்றில் நிஜ ஃபூச்சாவைப் பற்றி இருக்கும் சில வரிகளில் இது ஒன்று. முத்தையும் பச்சைக்கல்லையும் தவிர்த்து, செடித்தக்கையாலும் பட்டிழையாலும் செய்த பூக்களை அணிந்தவர் அவர். சிங் வம்சத்தாரின் இனமான மஞ்சுக்களின் பழைய வாழ்க்கை எளிமையை நினைவூட்ட, மான்வால் ரோமத்தில் ஒரு பை செய்து கணவருக்குக் கொடுத்தார் என்றும் இருக்கிறது. காதைக் கவனியுங்கள்: பெண்கள் ஒவ்வொரு காதிலும் மூன்று தோடு போட்டிருப்பார்கள். அது மஞ்சுப் பெண்களின் வழக்கம்.

கதையிலும் ஒரு வேர் நிஜமானது. பேரரசிக்கும் பணிப்பெண் யிங்லுவோவுக்கும் இடையே வளரும் அக்கா-தங்கைப் பாசம் முழுக்கக் கற்பனை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் வெய் 1775-இல் இறந்தபோது சியான்லோங் எழுதிய கவிதைக் குறிப்பில், இவர் ஃபூச்சா பேரரசியிடம் கற்று வளர்ந்தவர் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த ஒற்றைக் குறிப்பிலிருந்து நாற்பது எபிசோடு நெய்திருக்கிறார்கள்.

மற்றபடி தாராளமாக வளைத்திருக்கிறார்கள். பேரரசியின் தம்பி ஃபூஹெங்குக்கும் யிங்லுவோவுக்கும் காதல் என்பதற்கு வரலாற்றில் ஒரு வரிகூடக் கிடையாது. நிஜ ஃபூஹெங் பெரிய மந்திரி, தளபதி. 1769-இல் பர்மா படையெடுப்புக்குத் தலைமை தாங்கிப் போய், அங்கே பிடித்த நோயில் 1770-இல் இறந்தார். அந்தப் போர் சீரியலில் எட்டிப் பார்க்கும், ஆனால் காதலுக்குத் துணையாக மட்டும்.

குறை என்று சொன்னால், பாதிக்கு மேல் ஒரு முக்கியப் பாத்திரம் போன பிறகு கதைக்கு ஒரு கால் உடைந்துவிடுகிறது. பழிவாங்கல், சூழ்ச்சி, பழிவாங்கல் என்று ஒரே தடத்தில் ஓடும். அந்த இடத்தில் நிறுத்தியவர்கள் நிறையப் பேர். நான் நிறுத்தவில்லை, ஆனால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினேன்.

சீன சீரியலே புதிது, சூழ்ச்சி புரியுமா என்று தயக்கம், இரண்டு மாதத்துக்கு மேல் எதிலும் கட்டுண்டு கிடக்க முடியாது என்பவர்களுக்கு யான்சிதான்.

## ரூயி: தெரிந்த முடிவை நோக்கி 87 எபிசோடு

சிறுவயதுத் தோழர்கள் கணவன் மனைவி ஆகிறார்கள். அவன் பேரரசன் ஆகிறான். அதன் பிறகு அவர்களுக்குள் என்ன ஆகிறது என்பதுதான் மொத்தக் கதை. விஷம், கருச்சிதைவு, பொய்க் குற்றச்சாட்டு எல்லாம் இதிலும் உண்டு. ஆனால் எதிரி வெளியே இல்லை. கணவன் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சந்தேகப்படுகிறான், அவள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் விலகுகிறாள். கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் ஆனவர்களுக்கு இந்தச் சீரியல் வேறு மாதிரி தெரியும்.

தொடக்கம் சோதிக்கும். நாற்பதைத் தாண்டிய நடிகை சோ சுன் பதின்ம வயதுப் பெண்ணாக வருகிறார். சீன சீரியல்களில் பெரும்பாலும் டப்பிங் கலைஞர்களின் குரல்தான் இருக்கும், இதில் அவர் சொந்தக் குரலிலேயே பேசுகிறார். கரகரத்த அந்தக் குரலும் சின்னப் பெண் வேடமும் முதல் பத்து எபிசோடில் ஒட்டவே ஒட்டாது. அறுபதாவது எபிசோடில் அதே குரலில் அவள் ஒரு வாக்கியம் பேசும்போது, வேறு யார் பேசினாலும் இது வராது என்று தோன்றும். ஆகவே பத்து எபிசோடு பொறுத்துக்கொள்ள முடியாது என்பவர்கள் தொடங்கவே வேண்டாம்.

முடிவு இதுதான். சீனப் பார்வையாளர்களில் பலருக்கு இது முன்பே தெரியும், அதனால் ரகசியம் இல்லை. 1765-இல் பேரரசர் தெற்குச் சுற்றுப்பயணம் போனபோது, ஹாங்சோ நகரில் நாரா பேரரசி தம் கூந்தலை வெட்டிக்கொண்டார். மஞ்சு வழக்கப்படி பெண் கூந்தலை வெட்டுவது கணவனோ மாமியாரோ இறந்தால் மட்டும். பேரரசரும் உயிரோடு இருந்தார், அவருடைய தாயாரும் அதே பயணத்தில் கூடவே இருந்தார். அப்படியானால் அந்தக் கத்தரிக்கோலுக்கு என்ன அர்த்தம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். உடனே அவரைப் பெய்ஜிங்குக்குத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே இறந்தார். அப்போது வேட்டையில் இருந்த பேரரசர் திரும்பி வரவில்லை. இறுதிச் சடங்கு பேரரசிக்கு உரியதாக நடக்கவில்லை, ஒரு படி கீழிறக்கி நடந்தது. தனிக் கல்லறையும் இல்லை, வேறொரு துணைவியின் கல்லறையில் இடம் ஒதுக்கினார்கள்.

ஏன் வெட்டிக்கொண்டார்? ஆவணம் சொல்லவில்லை. 1778-இல் பேரரசர் வெளியிட்ட ஆணையில்கூட, திடீரென்று தானாக வெட்டிக்கொண்டாள் என்பதற்கு மேல் விளக்கம் இல்லை. இந்த ஓட்டையில்தான் இரண்டு சீரியலும் முளைத்திருக்கின்றன. அவருடைய இயற்பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. ரூயி என்பது கற்பனைப் பெயர், யான்சியில் வரும் ஷூஷென் என்பதும் கற்பனைதான். வம்சப் பிரிவிலும் ஒற்றுமை இல்லை: ரூயி அவரை ஊலா நாரா என்கிறது, யான்சி ஹோய்ஃபா நாரா என்கிறது.

ரூயியின் பெரிய அநியாயம் வெய்க்கு நடப்பது. வெய் யான்வான் என்ற பெயரில் அவளை அரண்மனையின் மொத்தப் பாவத்துக்கும் மூட்டை தூக்க வைத்திருக்கிறார்கள். நிஜ வெய் நாலு மகன், இரண்டு மகள் பெற்று, 1765-இல் பேரரசிக்கு அடுத்த பதவிக்கு உயர்ந்தவர். அவர் யாரையும் கொன்றதாகப் பதிவே இல்லை. கதாநாயகியை உயர்த்த இன்னொருவரை இவ்வளவு இறக்க வேண்டுமா என்று எனக்கு இன்றும் எரிச்சல் உண்டு.

சூழ்ச்சியைவிட முகங்களை ரசிப்பவர்கள், சோக முடிவுக்கு அஞ்சாதவர்கள், தினம் ஓர் எபிசோடு என்று மூன்று மாதம் ஒதுக்கக்கூடியவர்கள் ரூயியை எடுக்கலாம்.

## கண்ணுக்குத் தெரியாத செலவுகள்

முதல் செலவு கண்கள். சப்டைட்டில் படித்தாக வேண்டும் என்பதால் காய் நறுக்கிக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ பார்க்க முடியாது. 65 மணி என்றால் முழுசாக உட்கார்ந்த 65 மணி.

இரண்டாவது, பதவி ஏணி. பேரரசி ஹுவாங்ஹோ ஒருவர். அவருக்குக் கீழே ஹுவாங்குய்ஃபெய் ஒருவர், குய்ஃபெய் இருவர், ஃபெய் நால்வர், பின் ஆறு பேர். அதற்கும் கீழே குய்ரென், சாங்சாய், தாயிங் ஆகிய மூன்று படிகள், எண்ணிக்கை வரம்பே இல்லை. ஒருத்தி 'பின்'னிலிருந்து 'ஃபெய்' ஆவது அந்த எபிசோடின் உச்சக் காட்சியாக இருக்கும். பல சப்டைட்டில்களில் இரண்டையும் ஒரே மாதிரி மொழிபெயர்த்துவிடுவார்கள், நமக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கென்றே புரியாது. இந்த ஏணியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டிவி பக்கத்தில் ஒட்டிவையுங்கள். ஆளும் அதே ஆள்தான், ஆனால் பதவி மாறினால் கூப்பிடும் பெயரும் மாறும். அதற்கும் அந்தச் சீட்டில் இடம் விடுங்கள்.

மூன்றாவது, ரூயிக்கு மட்டும் உள்ள ஒரு மறைமுகக் கடன். அதை எழுதிய நாவலாசிரியர்தான் 2011-இல் வந்த 'எம்பிரெசஸ் இன் த பேலஸ்' சீரியலுக்கும் மூலக்கதை எழுதியவர். அதில் நாயகியாக வரும் ஜென் ஹுவான்தான் ரூயியில் மாமியாராக, பேரரசரின் தாயாக, வருகிறாள். பார்க்காவிட்டாலும் புரியும். பார்த்திருந்தால் அந்த மாமியாரின் ஒவ்வொரு பெருமூச்சுக்கும் பின்கதை தெரியும். ஆனால் அது இன்னொரு 76 எபிசோடு. "முதலில் அதைப் பார்த்துவிட்டு வா" என்று சொல்லும் நண்பர்களை நம்பாதீர்கள். அப்படிப் போனவர்கள் ரூயிக்குத் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை.

நான்காவது செலவை நானே கட்டியிருக்கிறேன், அதை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

அந்தப்புர அரசியலே வேண்டாம் என்பவர்களுக்கு இந்த இரண்டுமே சரிப்படாது. அவர்கள் 'த லாங்கெஸ்ட் டே இன் சாங்ஆன்' பக்கம் போகலாம். 48 எபிசோடு, தாங் வம்சத் தலைநகரில் 744-ஆம் ஆண்டு விளக்குத் திருவிழா நடக்கும் ஒரே ஒரு நாள். நிஜ அரசியல்வாதிகளின் பெயர்களை லேசாகத் திருத்தி வைத்திருப்பார்கள். வரலாறு தெரிந்தால் கண்டுபிடிக்கும் விளையாட்டு, தெரியாவிட்டால் நல்ல துரத்தல் கதை.

## வரலாற்றை எப்போது படிப்பது?

யான்சியை இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடுங்கள்.

யான்சியில் ஃபூச்சா பேரரசி குழந்தையை இழந்த துக்கத்தில் உயரத்திலிருந்து குதித்து உயிரை விடுகிறாள். வெள்ளை உடை, காற்று, அந்த இசை. நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒரு விருந்தில், சீன வரலாறு படித்த ஒருவரிடம், "பாவம், அந்தப் பேரரசி மதிலிலிருந்து குதித்தாரே" என்று ஏதோ பாடப்புத்தகத்தில் படித்த மாதிரி பேசிவிட்டேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டது அவருடைய பெருந்தன்மை. இதுதான் அந்த நான்காவது செலவு: நன்றாக எடுத்த காட்சி மண்டையில் வரலாறாகவே உட்கார்ந்துவிடும்.

நடந்தது வேறு. சந்திர ஆண்டின் கடைசி நாள்களில், 1748 ஜனவரியில், ஃபூச்சாவின் இரண்டாவது மகன் யோங்சோங் இரண்டு வயதுகூட நிரம்பாமல் அம்மையில் இறந்தான். மூத்த மகன் அதற்குப் பத்தாண்டு முன்பே போயிருந்தான். மனம் தேறட்டும் என்று பேரரசருடன் கிழக்கு நோக்கிப் பயணம் போனவர், ஷான்டோங்கில் ஜினான் நகரில் நோயுற்று, திரும்பும் வழியில் தெசோவில் படகில் உயிர்விட்டார். அதற்குப் பிறகுதான் பேரரசரின் மறுபக்கம் தெரிகிறது. துக்க நாள்கள் நூறு முடிவதற்குள் தலைமழித்த அதிகாரிகளைத் தண்டித்தார், சிலருக்கு உயிரே போனது. போதுமான அளவு அழவில்லை என்று தம் மூத்த மகன்கள் இருவரை அரியணைக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கினார். ஃபூச்சாவின் சாங்சுன் மாளிகையை நாற்பது ஆண்டுக்கு மேல் அவர் விட்டுச் சென்றபடியே வைத்திருந்தார். இதையெல்லாம் முன்கூட்டியே படித்திருந்தால், அந்தக் குதிப்புக் காட்சியில் "இது பொய்" என்று மனசு முணுமுணுக்கும். யான்சியின் பலமே நம்மை இழுத்துக்கொண்டு ஓடுவதுதான், அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. முடித்த பிறகு படித்தால் இன்னொரு சோகம் புதிதாகக் கிடைக்கும்.

ரூயிக்கு இது தலைகீழ். ஹாங்சோவில் கத்தரிக்கோல் காத்திருக்கிறது என்று தெரிந்தால்தான் முதல் எபிசோடில் அவனும் அவளும் சேர்ந்து சிரிக்கும் காட்சிக்கே எடை வரும். தெரியாமல் பார்ப்பவர்கள் "கதை நகரவே மாட்டேங்குதே" என்பார்கள். தெரிந்து பார்ப்பவர்களுக்கு ஒவ்வொரு எபிசோடிலும் கதை ஹாங்சோவை நோக்கி ஓர் அடி நகர்ந்துகொண்டே இருக்கும்.

அக்காவுக்கு ரூயியைத்தான் சொன்னேன். தொடங்கும் முன் படிக்கச் சொல்லி இரண்டே தகவல்களை அனுப்பினேன், இரண்டும் 1765-இன் அதே பயணத்தில் நடந்தவை. ஒன்று, போகிற வழியில் ஜினான் வந்தது. முதல் மனைவி நோயுற்ற ஊர் என்பதால், நான்காவது முறையாக அந்த நகருக்குள் நுழையாமலே பேரரசர் கடந்து போனார். பதினேழு ஆண்டு ஆகியும் ஆறவில்லை என்று கவிதை எழுதினார். இரண்டாவது மனைவி அந்தப் பயணத்தில் கூடவே வந்துகொண்டிருந்தார்.

இன்னொன்று அரண்மனைச் சமையல் பதிவேட்டில் இருப்பது. யாருக்கு எந்த வேளையில் பேரரசர் தம் உணவிலிருந்து என்ன பதார்த்தம் கொடுத்தனுப்பினார் என்று அதில் அன்றாடம் எழுதிவைப்பார்கள். சந்திர நாள்காட்டியில் இரண்டாம் மாதத்துக்கு அடுத்து வந்த அதிக மாதத்தின் (கணக்கைச் சரிக்கட்டச் சேர்க்கும் கூடுதல் மாதம்) 18-ஆம் நாள், ஹாங்சோ. காலைச் சாப்பாட்டின்போது பேரரசிக்குப் பதார்த்தங்கள் போயிருக்கின்றன. மாலைப் பட்டியலில் மற்றத் துணைவியரின் பெயர்கள் இருக்கின்றன, அவர் பெயர் இல்லை.